விமானத்துக்கு வழி சொல்லும் விரல்கள்

மும்பையிலிருந்து சென்னைக்குப் புறப்பட ஒரு விமானம் தயாராக நிற்கிறது. முன்னால் இரண்டு ஆசனங்கள். இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் துணை விமானி. கண்ணாடிக்கு வெளியே மழை தூறுகிறது. ஓடுபாதை விளக்குகள் ஈரத்தில் மின்னுகின்றன.

ஆனால் இந்த விமானம் பறக்கப் போவதில்லை. இதற்கு இறக்கை கிடையாது. வால் கிடையாது. பின்னால் பிரயாணிகளும் கிடையாது. ஒரு பெரிய கூடத்தில், ஆறு இரும்புக் கால்களின் மேல் நிற்கும் பெட்டி இது. வெளியே தெரிகிற மழையும் விளக்கும் திரையில் விழும் படம். இதற்கு 'சிமுலேட்டர்' என்று பெயர். பாவனை விமானம் என்று தமிழில் சொல்லலாம்.

விமானிகளுக்கு இது பள்ளிக்கூடம். பரீட்சை மண்டபமும் இதுதான். கிரேட்டர் நொய்டா, பெங்களூரு, ஐதராபாத் முதலிய இடங்களில் இத்தகைய சிமுலேட்டர்கள் இயங்குகின்றன. எத்தனை வருடம் பறந்த கேப்டனாக இருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை இதில் ஏறி உட்கார்ந்து தேறியாக வேண்டும்.

என்ஜினில் தீப்பிடித்தால் என்ன செய்வது, சக்கரம் இறங்காவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் இங்கே கற்பிக்கப்படும் என்று பலருக்குத் தெரியும். அதிகம் வெளியே தெரியாத பாடம் ஒன்று உண்டு. விமானம் நகர்வதற்கு முன்பே, உட்கார்ந்த இடத்திலேயே நடப்பது. பார்த்தால் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஒரு தாளைப் பார்த்து, எழுத்தையும் எண்ணையும் ஒரு சிறு கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' தவறியதால் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டிருக்கிறார்கள்.

ஆர்மோனியப் பட்டறையில் பிறந்தது

சிமுலேட்டரின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. எட்வின் லிங்க் என்பவரின் தகப்பனார் நியூயார்க் மாநிலத்து பிங்காம்டன் நகரில் பியானோ, ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் என்பது காற்றுத் துருத்தியால் இசைக்கும் பெரிய வாத்தியம். நம் ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா முறை.

பறக்கக் கற்றுக்கொள்ள ஆகும் செலவு லிங்குக்கு மலைப்பாக இருந்தது. தொழிற்சாலையிலிருந்த துருத்திகளைக் கொண்டு, சாய்ந்து திரும்பி ஆடும் ஒரு சிறு பொம்மை விமானத்தை அவர் செய்தார். ஆண்டு 1929. இரண்டாவது உலகப் போரின்போது லட்சக்கணக்கான விமானிகள் அதில் பயிற்சி பெற்றார்கள்.

இன்றைய சிமுலேட்டரில் துருத்தி இல்லை. ஆறு கால்களும் கம்ப்யூட்டர் சொற்படி நீண்டு சுருங்கி, உள்ளே இருப்பவருக்கு நிஜமாகவே வானில் எழும்புவது போன்ற உணர்வைத் தருகின்றன. விசைகளும் பொத்தான்களும் திரைகளும் நிஜ விமானத்தில் இருக்கும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கின்றன.

பெட்டியும் சிலேட்டும்

இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே, முழங்கால் உயரத்தில் ஆளுக்கொன்றாக இரண்டு சிறு பெட்டிகள் பதித்திருக்கின்றன. ஒரு சிறு திரை. அதன் கீழே எழுத்துகளும் எண்களும் உள்ள விசைப்பலகை. விமானத்தின் வழிகாட்டி கம்ப்யூட்டரோடு விமானி பேசுவது இதன் மூலமாகத்தான்.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறிய தலைமுறை இந்த விசைப்பலகையைப் பார்த்தால் திகைத்துப் போகும். டைப்ரைட்டரில் இருக்கும் வரிசை இதில் கிடையாது. ஏ, பி, சி, டி என்று அரிச்சுவடி வரிசையிலேயே எழுத்துகள் இருக்கின்றன. பத்து விரலுக்கும் வேலை இல்லை. ஒற்றை விரலால் நிதானமாகக் குத்த வேண்டியதுதான்.

போயிங் 737 ரகத்தை எடுத்துக்கொள்வோம். திரையின் இரு புறமும் ஆறு ஆறு பொத்தான்கள். அடிக்கும் எழுத்து நேரே அதன் இடத்துக்குப் போகாது. திரையின் கடைசி வரியில் வந்து நிற்கும். அந்த வரி, பள்ளிக்கூடச் சிலேட்டு மாதிரி. அதில் அடித்ததை ஒரு முறை பார்த்துவிட்டு, எந்த வரியில் போக வேண்டுமோ அதன் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் மேலே ஏறும். தவறென்றால் அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம்.

இல்லாத ஊரின் பெயரை அடித்தால் 'பட்டியலில் இல்லை' என்று கம்ப்யூட்டர் திருப்பிச் சொல்லிவிடும். ஆனால் இருக்கிற வேறோர் ஊரின் பெயரைத் தவறாக அடித்தால்? அதற்குத் தெரியாது. சொன்ன ஊருக்குப் போகத் தயாராகிவிடும்.

ஆகாயத்திலும் ஸ்டேஷன் கோடு

ரயில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு ஸ்டேஷன் கோடு தெரிந்திருக்கும். எம்.ஏ.எஸ். என்றால் சென்னை சென்ட்ரல். எம்.எஸ். என்றால் எழும்பூர். நடுவில் உள்ள ஒரே ஒரு 'ஏ' விடுபட்டால் வண்டி ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் நிற்க நேரிடும். மும்பை தாதரில் டி.ஆர். என்பது மத்திய ரயில்வே பக்கம். டி.டி.ஆர். என்பது மேற்கு ரயில்வே பக்கம்.

விமான நிலையங்களுக்கும் இப்படி நான்கு எழுத்துக் கோடு உண்டு. இந்திய விமான நிலையங்களுக்கு முதல் எழுத்து 'வி'. இரண்டாவது எழுத்து திசையைக் காட்டுகிறது. மேற்குப் பகுதிக்கு 'ஏ', வடக்குக்கு 'ஐ', கிழக்குக்கு 'ஈ', தெற்குக்கு 'ஓ'. மும்பை என்றால் வி.ஏ.பி.பி. டில்லி வி.ஐ.டி.பி. கொல்கத்தா வி.ஈ.சி.சி. சென்னை வி.ஓ.எம்.எம். திருச்சி வி.ஓ.டி.ஆர். மதுரை வி.ஓ.எம்.டி.

இந்த ஊர்களுக்கு நடுவே வானத்தில் கண்ணுக்குத் தெரியாத பாதைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாதைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் உண்டு. பாதையின் மேல் ஆங்காங்கே 'வே-பாயிண்ட்' எனப்படும் புள்ளிகள். தரையில் இருக்கும் ரேடியோ நிலையங்களானால் பெரும்பாலும் மூன்றெழுத்துப் பெயர். வெறும் வானத்துப் புள்ளிகளானால் ஐந்தெழுத்துப் பெயர். வாயில் நுழையக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும் என்பதற்காக ஐந்தெழுத்து. பல பெயர்களுக்கு அர்த்தமே கிடையாது.

இந்தப் புள்ளிகள் எல்லாம் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்கின்றன. 28 நாளைக்கு ஒரு முறை புதுப் பட்டியல் வருகிறது. பழைய பட்டியலோடு பறப்பது, போன வருஷத்து ரயில்வே கால அட்டவணையைப் பார்த்து ஸ்டேஷனுக்குப் போவது போல. ஆகவே பெட்டியைத் திறந்ததும் விமானி பார்க்கும் முதல் பக்கத்தில் பட்டியலின் தேதி இருக்கும்.

படிப்படியாக

சிமுலேட்டரில் பயிற்சி பெறும் இளைஞர் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்? விவரம் வருமாறு:

முதலில் பட்டியலின் தேதி. அடுத்து, விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்ற விவரம். இதை அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் கொடுக்க வேண்டும். விமானத்துக்குள் இருக்கும் திசையறியும் கருவிகள் இந்த இடத்தை வைத்துக்கொண்டுதான் பிறகு தாங்கள் நகர்ந்த தூரத்தைக் கணக்கிடுகின்றன. தொடக்கம் தப்பானால் தொடர்வதெல்லாம் தப்பு.

மூன்றாவது, பாதைப் பக்கம். புறப்படும் ஊர், சேரும் ஊர், விமான எண். பிறகு பாதையின் பெயரை ஒரு பக்கமும், அந்தப் பாதையிலிருந்து எந்தப் புள்ளியில் விலக வேண்டுமோ அந்தப் புள்ளியின் பெயரை மறுபக்கமும் அடிக்க வேண்டும். 'இந்த ரோட்டில் போ, இன்ன ஊரில் இறங்கி அடுத்த ரோட்டைப் பிடி' என்று லாரி டிரைவருக்கு வழி சொல்வது போலத்தான். நடுவில் உள்ள புள்ளிகளைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும்.

நான்காவது, எந்த ஓடுபாதையில் எழும்புவது, ஊரை விட்டு எந்த வழியாக வெளியேறுவது, போய்ச் சேரும் ஊருக்குள் எந்த வழியாக நுழைவது என்பவை.

ஐந்தாவது, முழுப் பாதையையும் புள்ளி புள்ளியாகப் புரட்டிப் பார்ப்பது. இரண்டு துண்டுப் பாதைகள் ஒன்றோடொன்று சேராத இடத்தில், திரையில் வரிசையாகக் கட்டங்கள் தோன்றும். 'இங்கே வழி அறுந்திருக்கிறது' என்று அர்த்தம். அதைக் கவனியாமல் விட்டால் விமானம் அந்த இடம் வரை ஒழுங்காகப் போகும். அதன் பிறகு கம்ப்யூட்டர் வழிகாட்டுவதை விட்டுவிடும். விமானம் கடைசியாகப் போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். பயிற்சிக்கு வருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

கடைசியாக, விமானத்தின் எடை, எரிபொருள், பறக்கும் உயரம் ஆகியவை.

எல்லாம் முடிந்ததும் ஒரு பொத்தானின் மேல் விளக்கு எரியும். 'நிறைவேற்றலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. அடித்தவர் அதை உடனே அழுத்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தம் திரையில் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகே அழுத்த வேண்டும். அழுத்தினால் விளக்கு அணையும். அதன் பிறகு அதுதான் விமானத்தின் பாதை.

இப்போதெல்லாம் பல கம்பெனிகளில் முழுப் பாதையும் ரேடியோ வழியாகவே கம்ப்யூட்டருக்கு வந்து இறங்கிவிடுகிறது. அடிக்கும் வேலை குறைந்திருக்கிறது. சரிபார்க்கும் வேலை குறையவில்லை.

சிட்னியில் நின்ற விமானம்

2015ஆம் ஆண்டு மார்ச் 10ந் தேதி. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர்ஏஷியா எக்ஸ் கம்பெனியின் ஏர்பஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. விமானம் நின்ற இடத்தின் தீர்க்கரேகை 151 பாகை 9.8 கலை. அடித்தது 15 பாகை 19.8 கலை. இலக்கங்கள் இடம் மாறிவிட்டன.

விளைவு? சிட்னியில் நின்ற விமானம், தான் 11,000 கிலோ மீட்டருக்கும் அப்பால் இருப்பதாக நினைத்துக்கொண்டது. அந்தக் கணக்குப்படி அது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு மேற்கே, நடுக்கடலில் நிற்க வேண்டும்!

புறப்படுமுன் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பல சந்தர்ப்பங்கள் இருந்தன என்று ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை 2016இல் சொன்னது. ஒன்றும் கவனிக்கப்படவில்லை. எழும்பியதும் விமானம் தவறான பக்கம் திரும்பி, பக்கத்து ஓடுபாதையிலிருந்து விமானங்கள் எழும்பும் வழியில் குறுக்கிட்டது. தவறு எங்கே என்று தேடி விமானிகள் எதை எதையோ மாற்றப்போக, வேறு கருவிகளும் கெட்டன. சிட்னியில் மேகம் தாழ்ந்திருந்ததால் திரும்பி இறங்கவும் முடியவில்லை. மெல்போர்னுக்குப் போய்ப் பத்திரமாக இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

காப்பியடித்த துணை விமானி

1989ஆம் ஆண்டு செப்டம்பர் 3ந் தேதி. பிரேசில் நாட்டில் மராபா என்ற ஊரிலிருந்து வடக்கே பெலேம் நகருக்கு வாரிக் கம்பெனியின் போயிங் விமானம் கிளம்பியது. ஒரு மணி நேரப் பயணம் கூட இல்லை.

தாளில் திசை 0270 என்று அச்சாகியிருந்தது. அந்தக் கம்பெனியின் புது வழக்கப்படி கடைசி இலக்கம் புள்ளிக்குப் பிறகு வருவது. ஆகவே அது 27 பாகை, கிட்டத்தட்ட வடக்கு. கேப்டன் அதை 270 என்று படித்து வைத்தார். அது நேர் மேற்கு.

துணை விமானி தாளைப் பார்த்து வைத்திருந்தால் இரண்டு கருவிகளும் வேறு வேறு எண் காட்டியிருக்கும். அவர் கேப்டன் வைத்த எண்ணைப் பார்த்தே தம் கருவியையும் வைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. இரண்டும் தப்பாக இருந்தன.

விமானம் அமேசான் காட்டின் மேல் அலைந்தது. எரிபொருள் தீர்ந்து, இருட்டில், மரங்களின் மேல் இறங்கியது. 54 பேரில் 12 பேர் மாண்டார்கள்.

இந்த விபத்தில் வழிகாட்டி கம்ப்யூட்டர் சம்பந்தப்படவில்லை. ஆனாலும் சரிபார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆபீசில் ஒருவர் போட்ட கூட்டலைப் பார்த்து இன்னொருவர் டிக் அடிப்பது சரிபார்ப்பு ஆகாது. மூலத் தாளிலிருந்து தாமே மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு எழுத்து

1995ஆம் ஆண்டு டிசம்பர் 20ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு. அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து கொலம்பியா நாட்டின் காலி நகருக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் போயிங் 757 வந்துகொண்டிருந்தது. விமானத்தில் 163 பேர். பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவர்கள் நிறைய. விமானம் சுமார் இரண்டு மணி நேரம் தாமதம்.

காலி நகரம் இரு புறமும் உயர்ந்த மலைகள் உள்ள நீண்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரவு நேரம். தரையிலிருந்த அதிகாரி, 'நேரே வந்து இன்னொரு ஓடுபாதையில் இறங்க முடியுமா?' என்று கேட்டார். சுற்றி வர வேண்டாம், நேரம் மிச்சம். விமானிகள் சரி என்றார்கள். அந்த அவசரத்தில் கம்ப்யூட்டரில் பாதையை மாற்றி அடிக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் போக வேண்டியது ரோசோ என்ற ரேடியோ நிலையத்துக்கு. வரைபடத்தில் அதன் அடையாளம் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. விமானி 'ஆர்' என்று அடித்தார். கம்ப்யூட்டரின் பட்டியலில் 'ஆர்' என்பது ரோசோ அல்ல. தலைநகர் பொகோட்டா அருகே, 200 கிலோ மீட்டருக்கு மேல் தூரத்தில் இருந்த ரோமியோ என்ற நிலையம். ரோசோ வேண்டுமென்றால் நான்கு எழுத்தையும் முழுதாக அடித்திருக்க வேண்டும். அது விமானிகளுக்குத் தெரியாது.

இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லுமுன்பே பொத்தான் அழுத்தப்பட்டது. விமானம் சொன்ன சொல் தட்டாமல் இடது பக்கம், கிழக்கே, மலையை நோக்கித் திரும்பியது. சுமார் ஒரு நிமிடம் அப்படியே போயிற்று. தவறு தெரிந்து வலது பக்கம் திருப்பினார்கள். ஆனால் அதற்குள் பள்ளத்தாக்கை விட்டு விலகி மலைகளுக்கு நடுவே வந்துவிட்டார்கள். விமானமும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

'எதிரே தரை' என்று கருவி எச்சரித்தபோது பத்துப் பன்னிரண்டு வினாடிகள்தான் பாக்கி. முழு பலத்தில் மேலே தூக்கினார்கள். வேகத்தைக் குறைப்பதற்காக இறக்கையின் மேல் விரித்திருந்த தடுப்புகளை மடக்க மறந்துவிட்டார்கள். விமானம் மலையில் மோதியது. 159 பேர் இறந்தார்கள். நான்கே பேர் பிழைத்தார்கள்.

குற்றம் யாருடையது? 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்ற ஜூரிகள் பழியைப் பங்கு போட்டார்கள். விமானக் கம்பெனிக்கு 75 சதவிகிதம். புள்ளிகளின் பட்டியலைத் தயாரித்த ஜெப்பசன் கம்பெனிக்கு 17 சதவிகிதம். கம்ப்யூட்டர் செய்த ஹனிவெல் கம்பெனிக்கு 8 சதவிகிதம். வரைபடத்தில் ஒரு பெயரும் பெட்டியில் வேறு பெயருமாக இருந்ததற்கு விமானி மட்டும் பொறுப்பாக முடியாது என்று அவர்கள் கருதினார்கள்.

இதன் பிறகு, உலகின் மலைகளையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி பெரிய விமானங்களில் கட்டாயமாயிற்று. ஒரே பெயர் இரண்டு இடத்துக்கு இருந்தால், இன்றைய கம்ப்யூட்டர்கள் இரண்டையும் அட்சரேகையோடு வரிசையாகக் காட்டி 'எது?' என்று கேட்கின்றன. ஐதராபாத் இந்தியாவிலும் உண்டு, பாகிஸ்தானிலும் உண்டு அல்லவா? அது போல.

தப்பில்லாமல் அடித்தவர்கள்

இவை எல்லாவற்றையும் விடப் பரிதாபமான கதை ஒன்று உண்டு. அதில் விமானிகள் ஒரு எண்ணைக் கூடத் தப்பாக அடிக்கவில்லை.

1977 முதல் ஏர் நியூசிலாந்து கம்பெனி, தென்துருவப் பனிக்கண்டத்தைச் சுற்றிக் காட்ட உல்லாசப் பயணங்கள் நடத்தி வந்தது. காலையில் ஆக்லாந்தில் ஏறினால் பனிமலைகளை மேலேயிருந்து பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடலாம்.

1978இல் பாதை விவரங்கள் கம்பெனியின் தரைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டன. மக்மர்டோ என்ற கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகை 166 பாகை 48 கலை என்று இருக்க வேண்டியது, 164 பாகை 48 கலை என்று பதிவாயிற்று. 6 அடிக்க வேண்டிய இடத்தில் 4 அடித்துவிட்டோம் என்பது பாதைப் பிரிவினர் சொன்ன விளக்கம்.

இந்தத் தவறால் ஒரு கெடுதலும் வரவில்லை. சரியான எண்ணின்படி பாதை எரிபஸ் என்ற எரிமலையின் மேலாகப் போகும். அதன் உயரம் 3,794 மீட்டர். தவறான எண்ணின்படி பாதை மலைக்கு மேற்கே, உறைந்த கடலின் தட்டையான பரப்பின் மேல் போயிற்று. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த எண் அப்படியே இருந்தது.

1979 நவம்பர் 9ந் தேதி, அடுத்த பயணத்துக்கான விமானிகளுக்குப் பாதை விளக்கப்பட்டது. அவர்களுக்குக் காட்டிய தாளில் இருந்ததும் 164தான். கேப்டன் ஜிம் காலின்ஸ் புறப்படுவதற்கு முந்தின இரவு வீட்டில் வரைபடங்களை விரித்து வைத்துப் பாதையைக் குறித்துப் பார்த்தார். பாதை கடலின் மேல்தான் போயிற்று. அவருக்குத் திருப்தி.

அதே இரவில் ஆபீசில் யாரோ எண்ணைத் திருத்தினார்கள். 164 பாகை 48 கலை என்பது 166 பாகை 58 கலை ஆயிற்று. பாதை கிழக்கே சுமார் 50 கிலோ மீட்டர் நகர்ந்தது. திருத்தியது சரியான காரியம்தான். ஆனால் விமானிகளுக்கு யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 28 காலை புதுத் தாள் கையில் வந்தது. வரி வரியாக இலக்கங்கள். அதைப் பார்த்து விமானத்தின் கருவியில் அடித்தார்கள். ஒருவர் அடிக்க, ஒருவர் சரிபார்த்தார். தாளில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

விமானத்தில் 257 பேர். பனிக்கண்டத்தை அடைந்ததும், பிரயாணிகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று கீழே இறங்கினார்கள். மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளைப் பனி. இரண்டுக்கும் நடுவே எதிரே இருந்த வெள்ளை மலைச்சரிவு கண்ணுக்குத் தனியாகத் தெரியவில்லை. தட்டையான கடற்பரப்பு என்றே நினைத்தார்கள். சுமார் 1,500 அடி உயரத்தில் விமானம் எரிபஸ் மலைச்சரிவில் மோதியது. ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

1980இல் வெளியான முதல் அறிக்கை, விமானி தாழப் பறந்ததே காரணம் என்றது. அடுத்த ஆண்டு நீதிபதி பீட்டர் மகான் தலைமையிலான விசாரணைக் கமிஷன் இதை மறுத்தது. விமானிகளிடம் சொல்லாமல் பாதையை மாற்றியதே முதற்காரணம், விமானிகள் மேல் பழியில்லை என்றது. கம்பெனி அதிகாரிகள் உண்மையை மறைத்தார்கள் என்று அவர் எழுதிய பகுதியைக் கம்பெனி எதிர்த்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போயிற்று. அந்தப் பகுதி மட்டும் நிலைக்கவில்லை.

நாற்பது வருடம் கழித்து, 2019 நவம்பர் 28ந் தேதி, அப்போதைய நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் அரசாங்கத்தின் சார்பில் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். அந்த விமானிகளின் குடும்பத்தார் அதுவரை காத்திருந்தார்கள்.

லெட்ஜரில் ஒரு எண்ணைத் திருத்தினால் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும், சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும் என்று ஆபீசுகளில் சொல்வதைப் பலர் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பதுண்டு. எரிபஸ் மலைச்சரிவில் கிடந்தவை 257 சடலங்கள்.

மூன்று சோதனைகள்

இந்த விபத்துகளின் பாடங்கள்தான் சிமுலேட்டரில் பயிற்சியாக வருகின்றன.

விமானிகளின் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் அடித்து முடித்து, சக்கரம் உருளத் தொடங்கும் சமயத்தில் 'ஓடுபாதை மாறிவிட்டது' என்று அவர் அறிவிப்பார். இறங்கும் நேரத்தில் 'நேரே வருகிறீர்களா?' என்று ஆசை காட்டுவார். பயிற்சி பெறுபவர் பதறிப்போய் அடிக்கிறாரா, 'நேரம் வேண்டும், சுற்றி வருகிறோம்' என்று சொல்லத் தெரிந்திருக்கிறாரா என்பதே சோதனை. 'முடியாது' என்று சொல்வதும் விமானிக்கு ஒரு வித்தைதான்.

சரிபார்க்க மூன்று வழிகள் சொல்லித் தரப்படுகின்றன. ஒருவர் அடித்ததை மற்றவர் மூலத் தாளோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படிப்பது முதலாவது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரமும் திசையும், மொத்த தூரமும் தாளில் உள்ளபடி வருகின்றனவா என்று பார்ப்பது இரண்டாவது. ஒரு எழுத்து பிசகியிருந்தால் தூரம் காட்டிக் கொடுத்துவிடும். பாதை முழுவதையும் வரைபடத் திரையில் கோடாக ஓட்டிப் பார்ப்பது மூன்றாவது. தப்பான புள்ளி இருந்தால் கோடு கோணலாக எங்கோ ஓடும், கண்ணே கண்டுபிடித்துவிடும்.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வண்டிக்கு லைன் கிளியர் தரும்போது ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பிரைவேட் நம்பர் சொல்கிறார். அடுத்த ஸ்டேஷன்காரர் அதைத் திருப்பிச் சொல்கிறார். இரு பக்கமும் ரிஜிஸ்தரில் எழுதுகிறார்கள். 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டினால் போதாது.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இன்று இந்த விளையாட்டு வந்துவிட்டது. 1982இல் மைக்ரோசாப்ட் கம்பெனி முதல் விமானப் பாவனையை வெளியிட்டபோது நாலைந்து கோடுகளே ஓடுபாதை. இப்போது அதே பெட்டி, அதே விசைப்பலகை, அதே பக்கங்கள் திரையில் அப்படியே வருகின்றன. சாளில் ஒற்றை அறையில் வளரும் பையன் கூட மும்பையிலிருந்து மதுரைக்குப் பாதை போட்டுப் பழகலாம். லைசென்ஸ் கணக்கில் அது சேராது. ஆனால் கவனமாக அடிக்கும் பழக்கம் கையில் சேரும்.

சிமுலேட்டரில் தவறினால் ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்துவார். மலை அப்படியே எதிரில் உறைந்து நிற்கும். 'எங்கே தப்பு? நீங்களே சொல்லுங்கள்' என்பார். பிறகு விமானத்தை மறுபடி புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவார். மறுபடி முதல் எழுத்திலிருந்து அடிக்க வேண்டும்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற தகவல் வந்தோ, இன்று நம்மவர்கள் பலர் விமானத்தில் ஊருக்குப் போகிறார்கள். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் சில நிமிடம் விமானம் அசையாமல் நிற்கும். 'இன்னும் என்ன தாமதம்?' என்று மணியைப் பார்ப்போம். அந்த நேரத்தில் முன்னால் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் எழுத்துகளையும் எண்களையும் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கக் கூடும். அவர்கள் நிதானமாகவே படிக்கட்டும்.